மண்டபத்துச் சாவி யாரிடம்?

கிள்ளான் பள்ளத்தாக்கில் படிக்கும் மாணவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மதியம் வரை வெயில் கொளுத்தும். நான்கு மணி வாக்கில் வானம் இருண்டு இடி இடிக்கும். திடலில் பயிற்சிக்கு நின்றவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளி நடைபாதைக்கு ஓடுவார்கள். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் வாரத்தில் பல நாள் இதே கதைதான். பொறுப்பாசிரியர் வானத்தைப் பார்ப்பார், கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், பிறகு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அந்த வாரத்துப் பயிற்சி அத்தோடு முடிந்தது.

மழைக்கும் ஹாக்கிக்கும் இந்த ஊரில் பழைய பகை. 1975ஆம் ஆண்டு ஆண்கள் உலகக் கோப்பை ஹாக்கிப் போட்டி கோலாலம்பூரில் நடந்தது. உங்கள் தாத்தா அந்தக் காலத்து ஹாக்கி ரசிகர் என்றால் மெர்டேக்கா அரங்கத்து ஈரப் புல்லைப் பற்றி இன்றும் பேசுவார். ஸ்ரீ சண்முகநாதன் தலைமையில் ஆடிய மலேசியா அரையிறுதியில் இந்தியாவிடம் கூடுதல் நேரத்தில் 2-3 என்று தோற்றது. பாகிஸ்தானை வென்று இந்தியா கோப்பையைக் கொண்டுபோனது. நான்காம் இடம் பெற்ற மலேசியாவுக்கு உலகக் கோப்பையில் இன்றுவரை அதுவே மிகச் சிறந்த நிலை. மகேந்திரன், பாலசிங்கம் என்று அந்த அணியில் நம் பெயர்கள் இருந்தன. பின்னாளில் குகன், செல்வராஜு, கோல்காவலர் குமார் சுப்பிரமணியம் என்று அந்த வரிசை நீண்டது. பெண்கள் பக்கம் அப்படி ஒரு வரிசையைச் சொல்லச் சொன்னால் நாம் தடுமாறுவோம். இன்று பேச வந்தது அதைப் பற்றித்தான். ஆனால் அதற்கு முன், மழையே தொட முடியாத ஒரு ஹாக்கியைச் சொல்ல வேண்டும்.

உள்ளரங்க ஹாக்கி ஐரோப்பியக் குளிர்காலத்தின் பிள்ளை. பனி விழும் மாதங்களில் புல் திடலில் ஆட முடியாத ஜெர்மானியர்கள் மட்டையோடு மண்டபத்துக்குள் நுழைந்தார்கள். அவர்களுக்குப் பனி என்றால் நமக்கு இடிமழை, தேவை ஒன்றேதான். வெளித்திடல் ஹாக்கிக்கு 91.4 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும் உள்ள திடல் வேண்டும். உள்ளரங்கத்தில் அதிகபட்சம் 44 மீட்டர் நீளம், 22 மீட்டர் அகலம் போதும். பரப்பில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. கோல்காவலரோடு சேர்த்து ஓர் அணிக்கு ஆறு பேர். பத்துப் பத்து நிமிடமாக நான்கு பாகம்.

விதிகளில் ஒன்று ஆட்டத்தின் குணத்தையே மாற்றிவிடுகிறது. பந்தை ஓங்கி அடிக்கக் கூடாது. தள்ளலாம், சுண்டலாம், அவ்வளவுதான். கோலை நோக்கி வட்டத்துக்குள்ளிருந்து அனுப்பும்போது தவிர வேறெங்கும் பந்து தரையை விட்டு எழும்பக் கூடாது. திடலின் இரு நீளப் பக்கங்களிலும் சுமார் 10 சென்டிமீட்டர் உயரத்தில் மரப்பலகை வைத்திருப்பார்கள். பந்து அதில் மோதித் திரும்பி ஆட்டத்துக்குள் வரும். கேரம் ஆடத் தெரிந்தவர்களுக்கு இதன் சூட்சுமம் உடனே பிடிபடும். நேரே போக வழியில்லாத காயை ஓரச் சட்டத்தில் மோதவிட்டுக் குழிக்கு அனுப்புவோமே, அதே கணக்கு. எதிரி முன்னால் நின்று மறித்தால் பந்தைப் பலகையில் தள்ளிவிட்டு, அவரைச் சுற்றி ஓடி, மறுபக்கத்தில் தானே வாங்கிக்கொள்ளலாம். தோள் பலத்தைவிடக் கோணத்தைக் கணிக்கும் கண்ணுக்கும் வளைந்து கொடுக்கும் முதுகுக்கும் இங்கே வேலை அதிகம். மட்டையும் சற்று மெலிதாக, எடை குறைவாக இருக்கும். பார்க்கிறவர் கண்ணிமைக்கும் முன் பந்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்விடுகிறது. ஒரே ஆட்டத்தில் ஏழெட்டு கோல் விழுந்தாலும் யாரும் வியப்பதில்லை.

“இது அரை ஹாக்கி” என்று முகம் சுளிக்கும் மூத்த ரசிகர்கள் உண்டு. நீண்ட பாஸ் கிடையாது, ஓங்கி அடிக்கும் அழகு கிடையாது என்பார்கள். அவர்கள் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் நெருக்கடியான இடத்தில் பந்தை மட்டையோடு ஒட்டவைத்து ஆடக் கற்ற பெண், பிறகு பெரிய திடலுக்குப் போகும்போது அந்தக் கையையும் கூடவே கொண்டுபோகிறாள். ஜெர்மனியும் நெதர்லாந்தும் வெளித்திடலிலும் கொடிகட்டிப் பறப்பதற்கு அவர்களது குளிர்கால மண்டபங்களும் ஒரு காரணம் என்பது நம் எண்ணம்.

பெண்களுக்கான உள்ளரங்க உலகக் கோப்பை 2003இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் தொடங்கியது. அப்போதிருந்து 2023இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் நடந்த போட்டி வரை ஆறு கோப்பைகள். மூன்று ஜெர்மனிக்கு, மூன்று நெதர்லாந்துக்கு, மாறி மாறி. வேறு யாரும் நெருங்கவில்லை என்று நினைக்கத் தோன்றும். கோப்பையை விட்டுவிட்டுப் பங்கேற்ற நாடுகளின் பட்டியலைப் பாருங்கள். பிரிட்டோரியாவில் ஆசியப் பெண்கள் சார்பில் நின்றது கசகஸ்தான். வெளித்திடல் ஹாக்கியில் அந்த நாட்டின் பெயரை நாம் எத்தனை முறை கேட்டிருப்போம்? பெரிய திடலில் தென்கொரியா, சீனா, இந்தியா, ஜப்பான் என்று மலைபோல் நிற்கும் அணிகளைத் தாண்ட முடியாத ஒரு நாடு, மண்டபத்து வழியாக உலகக் கோப்பைக்குள் நுழைந்துவிட்டது.

அந்தக் கதவு நமக்கும் தூரத்தில் இல்லை. 2017 ஆகஸ்டில் கோலாலம்பூர் சீ விளையாட்டை ஏற்று நடத்தியபோது பெண்கள் உள்ளரங்க ஹாக்கியும் அதில் இருந்தது. தென்கிழக்காசியப் பெண்கள் அணிகள் மைடெக் கண்காட்சி மையத்தின் கூரைக்குக் கீழே ஆடின. பிரிக்பீல்ட்ஸிலிருந்து மோட்டார் சைக்கிளில் போனால் கால் மணி நேரத்து வழி. அந்த இரண்டு வாரமும் நம் வீடுகளில் காற்பந்தைப் பற்றிப் பேசினோம், ஓட்டப் பந்தயத்தைப் பற்றிப் பேசினோம். ஆறு பெண்கள் பலகையில் பந்தை மோதவிட்டு ஆடியதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. பத்திரிகைகளும் பெரிதாக எழுதிவிடவில்லை. அந்தக் குறையில் நமக்கும் பங்குண்டு. 2027இல் சீ விளையாட்டு மறுபடி மலேசியாவுக்கு வருகிறது.

நம் பெண்களுக்கு ஹாக்கி புதிதும் அல்ல. ஆசிய விளையாட்டில் பெண்கள் ஹாக்கி முதன்முதலில் சேர்க்கப்பட்டது 1982இல், புதுடில்லியில். அதில் மலேசியப் பெண்கள் வெண்கலம் வென்றார்கள். அடுத்த ஆண்டு பெண்கள் உலகக் கோப்பையே கோலாலம்பூருக்கு வந்தது. நெதர்லாந்து கனடாவை வென்று கோப்பையை எடுத்தது. 1998இல் காமன்வெல்த் விளையாட்டில் ஹாக்கி முதன்முறையாக நுழைந்ததும் இதே கோலாலம்பூரில்தான். புக்கிட் ஜாலில் அரங்கம் இருக்கிறது, கிள்ளானில் பண்டமாரான் அரங்கம் இருக்கிறது, உள்நாட்டில் பெண்கள் லீக் இருக்கிறது. ஆனால் தேசியப் பெண்கள் அணியின் பெயர்ப் பட்டியலில் இந்திய வம்சாவளிப் பெயர்களை எண்ணிப் பார்த்தால் ஒரு கையின் விரல்களே மிஞ்சிவிடுகின்றன.

தொடக்கப்பள்ளியில் நம் பெண்கள் ஓடுகிறார்கள், எறிகிறார்கள், வலைப்பந்து ஆடுகிறார்கள். படிவம் 1, 2 வரையும் திடலில் பார்க்க முடிகிறது. படிவம் 4 ஆனதும் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். காரணத்தைக் கேட்டால் முதலில் வரும் பதில் எஸ்பிஎம், டியூஷன். அது உண்மைதான். ஆனால் அதற்குப் பின்னால் வேறு காரணங்கள் வரிசையில் நிற்கின்றன, அவற்றை நாம் வெளியே சொல்வதில்லை. “இருட்டிய பிறகு யார் கூட்டி வருவது?” என்பது ஒன்று. “அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டா?” என்பது இன்னொன்று. “வெயிலில் நின்று கறுத்துப் போனால் நாளைக்கு யார் கட்டுவான்?” என்று பாட்டி சொல்வதும், அம்மா அதை மறுக்காமல் அடுப்பைப் பார்ப்பதும் மூன்றாவது. அண்ணனுக்கோ தம்பிக்கோ இதில் ஒன்றையும் யாரும் கேட்பதில்லை. அவன் காற்பந்து முடிந்து ஏழரை மணிக்குச் சேறோடு வந்து நின்றால் வெந்நீர் வைத்துத் தருகிறோம்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். மண்டபத்தில் ஆடினால் வெயில் படாது, கறுக்காது என்று சொல்லி உள்ளரங்க ஹாக்கியை விற்க நமக்கு விருப்பமில்லை. அப்படிச் சொன்னால் சில வீடுகளில் அனுமதி எளிதாகக் கிடைக்கும், தெரியும். ஆனால் நிறத்தைப் பற்றிய அந்தப் பேச்சு பொய்யானது, பிள்ளைகளைப் புண்படுத்துவது. அதோடு சமரசம் செய்து வாங்கும் அனுமதி நெடுநாள் நிற்காது.

இருட்டைப் பற்றிய கவலை வேறு. அது நியாயமானது. கிள்ளானில் இருக்கும் ஒரு மாணவி கோலாலம்பூரில் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கொமுட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரலுக்குச் சுமார் ஒரு மணி நேரம். இறங்கினால் பிரிக்பீல்ட்ஸ் எதிரே நிற்கிறது. போவது சிரமமில்லை. 2010 முதல் பெண்களுக்கென்று தனிப் பெட்டியும் ஓடுகிறது. திரும்பும் ரயிலுக்கு நடைமேடையில் காத்திருக்கும் நேரமும், கிள்ளான் நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகும் கடைசி இரண்டு கிலோமீட்டரும்தான் அம்மாவின் வயிற்றைக் கலக்குகின்றன. ஆகவே பயிற்சியை அந்தப் பெண்ணின் பள்ளிக்கே கொண்டுபோக வேண்டும். பெரிய செயற்கைப் புல் திடலை எல்லாப் பள்ளிக்கும் கொண்டுபோக முடியாது. போடுவதற்கும் பணம், நீர் தெளித்துப் பராமரிப்பதற்கும் பணம். ஆனால் மண்டபம் ஏற்கெனவே பல இடைநிலைப்பள்ளிகளில் இருக்கிறது. பள்ளி இரண்டு மணிக்கு முடிகிறது. மூன்றிலிருந்து நாலரை வரை மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் ஆடலாம். ஐந்து மணி வெளிச்சத்தில் வீட்டுக்குப் போய்விடலாம். டியூஷனுக்கும் நேரம் மிஞ்சும்.

பிறகு என்ன தடை? சாவி.

நமக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் மாணவிகள் சிலர் மண்டபத்தில் ஆட அனுமதி கேட்டார்கள். தரை கீறும் என்று மறுத்துவிட்டார்கள். அதே மண்டபத்தில் அடுத்த வாரம் ஐந்நூறு இரும்பு நாற்காலிகளைத் தரதரவென்று இழுத்துப் போட்டு ஒரு நிகழ்ச்சி நடந்தது. பள்ளியின் பெயர் இங்கே முக்கியமில்லை, இது ஒரு பள்ளியின் பழக்கம் மட்டுமாக இருக்காது என்பதால். தரையைப் பற்றிய அக்கறை தவறு என்று சொல்ல மாட்டோம். வெளித்திடலில் கற்களில் உரசித் தேய்ந்த மட்டையையும் மண் ஒட்டிய காலணியையும் கொண்டுவந்து ஆடினால் கீறல் விழத்தான் செய்யும். உள்ளரங்கத்துக்கென்று தனி மட்டை, தரையில் தடம் பதிக்காத அடிப்பாகம் உள்ள காலணி, ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் தரையைத் துடைப்பது என்று மூன்று விதிகள் போட்டால் பெரும்பகுதிக் கவலை தீரும். மட்டைகளைப் பள்ளியே வாங்கி வைத்து, பயிற்சி முடிந்ததும் பூட்டிவிடலாம். ஆறு பேர் அணிக்குப் பன்னிரண்டு மட்டை இருந்தால் இரண்டு அணிகள் மோதலாம். விலை கூடியது கோல்காவலரின் காப்புடைதான். அதை இரண்டு மூன்று பள்ளிகள் பகிர்ந்துகொள்ளலாம். ஒரே நாளில் எல்லாருக்கும் தேவைப்படாது. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் இதைவிடப் பெரிய செலவுகளை ஒரு விருந்துக்குச் செய்திருக்கின்றன.

இன்னொரு செய்தி, பலர் கவனிக்காதது. உள்ளரங்க ஹாக்கியின் கோல் கம்பம் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். ஃபுட்சால் கோல் கம்பமும் அதே அளவு. கைப்பந்துக்கும் அதுவே. திடல் அளவும் ஏறக்குறைய ஒன்றுதான். ஷா ஆலம், பூச்சோங், செந்தூல் என்று எங்கு திரும்பினாலும் ஃபுட்சால் மண்டபங்கள் இருக்கின்றன. அவற்றில் செயற்கைப் புல் போட்டவற்றை ஒதுக்கிவிட்டு, கெட்டித் தரை உள்ளவற்றை எடுத்துக்கொண்டாலே போதும். வட்டத்தை நிறநாடா ஒட்டி வரைந்துகொள்ளலாம், 9 மீட்டர் ஆரம். பக்கப் பலகையை ஒரு தச்சர் ஒரு நாளில் செய்து தருவார்.

‘ஒரு மாணவர் ஒரு விளையாட்டு’ என்ற கொள்கை 2011இலிருந்து நம் பள்ளிகளில் இருக்கிறது. பொதுப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் கல்வித் தேர்ச்சிக்கு 90 விழுக்காடும் புறப்பாடத்துக்கு 10 விழுக்காடும் என்பதும் உங்களுக்குத் தெரியும். இந்தப் பத்து விழுக்காட்டைத் தேடி நம் மாணவர்கள் படும் பாடு கொஞ்சமில்லை. படிவம் 5 வந்ததும் சான்றிதழுக்காக ஏதாவது ஒரு கழகத்தில் பெயர் எழுதுவார்கள். கூட்டத்துக்குப் போவார்கள், படம் எடுப்பார்கள், கையொப்பம் வாங்குவார்கள். மாவட்ட அளவில் ஆடிய ஒரு பெண்ணுக்கு அந்தப் புள்ளிகள் தானாக வந்து சேரும். இதைப் பெற்றோரிடம் சொல்லுங்கள். சொல்வது தவறில்லை, கணக்கு பார்க்கும் வீடுகளில் கணக்கைத்தான் பேச வேண்டும். ஆனாலும் மனத்தில் ஒரு சின்ன உறுத்தல். புள்ளிக்காக மட்டும் மட்டையைத் தொட்டவர்கள் சேர்க்கைக் கடிதம் வந்த மறுநாள் அதைக் கீழே வைத்துவிடுவார்கள். பத்தொன்பது, இருபது வயதில் உடல் முழுப் பலம் பெறும் காலத்தில் நம் பெண்கள் பல்கலைக்கழக மைதானங்களில் இல்லாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் இருப்பவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள் உண்டு. நீங்கள் ஆடியிருக்கலாம், ஆடாமலும் இருக்கலாம். பள்ளிகளில் விளையாட்டுப் பொறுப்பாசிரியர் பலருக்கு ஹாக்கி தெரியாது, உள்ளரங்க ஹாக்கி இன்னும் தெரியாது. அது அவர்கள் குற்றமில்லை. வரலாறு கற்பிக்க வந்தவரிடம் திடலையும் கொடுத்துவிட்டோம். ஓர் உள்ளரங்க ஆட்டத்துக்கு நடுவர் இரண்டு பேர் வேண்டும், கடிகாரத்துக்கும் புள்ளிப் பலகைக்கும் மேசையில் இருவர். விதிப் புத்தகத்தை உலக ஹாக்கிச் சம்மேளனம் இலவசமாகவே வெளியிடுகிறது. இரண்டு வார இறுதிகளில் படித்துவிடலாம். குறிப்பாகப் பெண்கள் நடுவராக நின்றால் இன்னொரு வேலையும் நடக்கும். மகளை விடவந்த அப்பா, விசிலோடு நிற்கும் இருபத்தோரு வயதுப் பெண் ஒருத்தி ஆண் பயிற்சியாளரைப் பார்த்து “ஓரமாக நில்லுங்கள் சார்” என்று சொல்வதைப் பார்ப்பார். வீட்டுக்குப் போகும் வழியில் அவர் எதையாவது யோசிப்பார்.

பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் பாடாங் பெலியா என்று ஒரு சாலை இருக்கிறது. பெயரைத் தமிழில் சொன்னால் இளைஞர் திடல் சாலை. அந்த வட்டாரத்திலும் கிள்ளானில் ஜாலான் தெங்கு கெலானா பக்கத்திலும் நம் கோயில்கள், சங்கங்கள், மன்றங்கள் எத்தனை! தீபாவளிக் கலைநிகழ்ச்சிக்கு மண்டபம் பிடிக்கத் தெரிந்த அமைப்புகள் இவை. ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமை, ஒரு ஃபுட்சால் மண்டபத்தைக் காலை எட்டிலிருந்து மாலை மூன்று வரை வாடகைக்கு எடுங்கள். கிள்ளானிலிருந்து இரண்டு பள்ளி, கோலாலம்பூரிலிருந்து இரண்டு பள்ளி, அணிக்கு எட்டுப் பெண்கள். நான்கு அணிகள் ஒன்றோடொன்று மோதினால் ஆறு ஆட்டம், இறுதியாட்டத்தோடு ஏழு. பதக்கத்தை வைத்து அரசியல்வாதிக்காக இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டாம். போன ஆண்டு ஆடிய மூத்த மாணவி ஒருத்தியே கொடுக்கட்டும். முதலாண்டு ஆட்டம் அலங்கோலமாகத்தான் இருக்கும். பந்து அடிக்கடி எழும்பும், நடுவர் விசில் ஓயாது, பலகை இரண்டு முறை பெயர்ந்து விழும்.

கோல் கம்பங்களைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. அவை அங்கேயே நிற்கின்றன.